நடுக்கதவு

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கையில் வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது மனம் எங்காவது வீடு கட்டிக்கொண்டிருக்கும். துணி அலசும்போது ஒரு மாடி, வெங்காயம் உரிக்கும்போது ஒரு ஜன்னல், பிள்ளைகளுக்குத் தலை வாரும்போது கொல்லையில் ஒரு பந்தல். அடுப்பில் ஏதாவது தீய்கிற வாசனை வந்தால் கட்டடம் அப்படியே கரைந்துபோகும். நான் கரண்டியோடு ஓடுவேன். "மேஸ்திரியம்மா, இன்னிக்கு எத்தன ரூம் முடிஞ்சுது?" என்று என் கணவர் கேலி செய்வார். அவருக்குத் தீய்ந்த குழம்பு பழகிப்போயிருந்தது.

நாங்கள் குடியிருந்த நிஜ வீடு ஃபேரர் பார்க் திடலுக்குப் பின்னால், ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. பலகைச் சுவர், தகரக்கூரை, முன்னால் ஒரு கூடம், ஓர் அறை, பின்னால் அடுப்படி. மத்தியானத்தில் கூடத்தில் படுத்திருந்தால் திடலில் பந்து விளையாடுகிறவர்களின் கூச்சல் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் கேட்கும். வெயிலில் தகரம் தானாகவே முனகும். வீட்டின் வலப்பக்கத்தில் கொஞ்சம் காலி மண்தரை கிடந்தது. அதன் ஓரத்தில் ஒரு ஜம்பு மரம். அந்த மரம் உதிர்க்கும் பூவெல்லாம் இளஞ்சிவப்பு நார்களாகத் தரையை மூடிவிடும். நான் அதிகமாகக் கட்டியது அந்த இடத்தில்தான்.

அறுபதுகளின் தொடக்கம் அது. என் கணவர் துறைமுகத்தில் கிராணி, கணக்கெழுதும் வேலை. அவருடைய அண்ணன், அதாவது என் மூத்தார், செம்பவாங்கில் கடற்படைத் தளத்துப் பட்டறையில் வேலை பார்த்தார். அங்கேயே குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். அவர் மனைவி எனக்கு ஓரகத்தி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர்களோடு ஒரு பெண் குழந்தை வளர்ந்தாள். அவள் நான் பெற்ற பெண்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நல்லது. அக்காவுக்குப் பிள்ளை தங்கவில்லை. எனக்கோ மூத்த பையன் நடக்கப் பழகுவதற்குள் அடுத்தது வயிற்றில். "இது பொண்ணாப் பொறந்தா அண்ணிக்குக் குடுத்துடலாமா?" என்று ஒரு சாயங்காலம் என் கணவர் கேட்டார். நான் தலையாட்டினேன். யாரும் மிரட்டவில்லை, கெஞ்சவுமில்லை. எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் அண்ணன் தம்பி வீடுகளுக்குள் பிள்ளை இடம் மாறுவது நடக்கிற காரியம்தான். தீட்டு கழிந்ததும் அக்கா வந்து தூக்கிக்கொண்டு போனார். எனக்கு அப்புறம் இன்னொரு பையனும் பிறந்தான். செம்பவாங்கில் வளர்ந்தவள் அவரை அம்மா என்றும் என்னைச் சித்தி என்றும் கூப்பிட்டாள். பெரியவளான பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நாங்கள் நால்வரும் பேசி வைத்திருந்தோம்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சில ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவளைப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் கால்கள் நீண்டிருக்கும். என்னிடம் மரியாதையாகத்தான் இருப்பாள். அந்த மரியாதை எனக்குச் சகிக்காது.

அப்படியிருக்கும்போது மூத்தாருக்கு ஓய்வு வயது வந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். எங்கள் கூடத்தில் உட்கார்ந்து அவர் அதைச் சொன்னபோது, என் கணவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இங்கயே ஒரு ரூம் கட்டிக்கலாம்ணே. எடம் இருக்குலா," என்றார். நான் அடுப்படியில் காபிக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவள் இங்கே தூங்கி எழுவாள் என்பது மட்டும்தான் எனக்கு விளங்கியது. பால் டம்ளரைத் தாண்டி வழிந்ததை அக்காதான் கவனித்துத் துடைத்தார்.

எப்படிக் கட்டுவது என்பதில்தான் எல்லாம் தொடங்கியது. ஆளுக்கொரு யோசனை. கூடத்தையே பலகை வைத்து இரண்டாகப் பிரித்துவிடலாம் என்றார் என் கணவர். மூத்தாரின் குறட்டை செம்பவாங்கிலேயே பிரசித்தம். ஒரு பலகை அதைத் தாங்காது என்று நான் சொல்ல, மூத்தாரே சிரித்துவிட்டார். நிலத்துக்குச் சொந்தக்காரர் நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்து, சிராங்கூன் சாலையில் நெடுங்காலமாகக் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர். அவரிடம் கேட்கப் போனோம். "தாராளமாக் கட்டிக்கங்க தங்கச்சி. பலகையில கட்டுங்க, கல்லு வேணாம். மழ பெஞ்சா உங்க சந்துல தண்ணி ஏறுது. கூரையத் தூக்கி மேல ஒரு பரண் வீடு போட்டா என்ன?" என்றார். பரண் வீடு எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஜம்பு மரத்தின் உச்சிக்கு நேராக ஒரு ஜன்னல் வரும். ஆனால் அக்காவுக்கு முழங்கால் வலி, ஏணி ஆகாது.

கடைசியில் இரண்டு யோசனைகள் மிஞ்சின. ஒன்று மூத்தாருடையது: மரத்தடியில் தள்ளித் தனியாக ஒரு சிறு வீடு, அதற்குத் தனி அடுப்பு. மற்றது என்னுடையது. எங்கள் அடுப்படிக்குப் பக்கவாட்டில் ஒரு கதவு இருந்தது. அந்தச் சுவரை ஒட்டியே அறையை இறக்கிவிட்டால் அந்தக் கதவு இரு வீட்டுக்கும் நடுக்கதவாகிவிடும். அடுப்பு ஒன்றே போதும். எல்லோரும் ஒரே பானைச் சோறு சாப்பிடலாம். அக்காவுக்கு முழங்கால் வலியோடு இரண்டாவது அடுப்பு எதற்கு என்று நான் நியாயமும் பேசினேன். நியாயம் பேசுவதில் நான் கொஞ்சம் கெட்டிக்காரி.

மூத்தார் சண்டைக்காரர் இல்லை. "ஒத்து வரலன்னா விட்டுடுங்க. சுவா சூ காங்ல என் கூட்டாளி தோட்டத்துல ஒரு குடிசை சும்மாத்தான் கெடக்கு. அங்க போயிடறோம். மனஸ்தாபம் வேணாம்லா," என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் சுவா சூ காங் அந்த நாளில் எனக்கு வேறு தேசம். மண்பாதை, அன்னாசித் தோட்டம், கோழிப் பண்ணை. பஸ் மாறி, நடந்து, போய்ச் சேருவதற்குள் திரும்பி வரும் நேரமாகிவிடும். செம்பவாங்கே தேவலை என்று ஆகிவிடும்.

அந்த வாரங்களில் நான் நடந்ததெல்லாம் பாதித் தூக்கத்தில்தான். தேக்கா சந்தையில் மீன் வாங்கப் போவேன். மீன்காரர் செதில் சீவும் சத்தத்தில் என் நடுக்கதவு கிறீச்சிடும். கதவுக்கு அந்தப் பக்கம் காலை வெளிச்சம். தலை கலைந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு அவள் வருவாள். ஒன்றும் கேட்க மாட்டாள். நேராக வந்து என் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுப்பு ஓரத்தில் குந்துவாள். "பசிக்குது" என்பாள். அவ்வளவுதான். என் கனவில் அவள் என்னை அம்மா என்றுகூடக் கூப்பிடுவதில்லை. அவ்வளவு தூரம் ஆசைப்பட எனக்குத் துணிச்சலில்லை. பசிக்குது என்று கேட்டால் போதும். மீன்காரர் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் கையை நீட்டுவேன்.

காகிதத்தில் வரைந்து காட்டினால் யாருக்கும் பிடிபடவில்லை. என் கணவர் வரைந்த வீடு சப்பாத்து டப்பா மாதிரி இருந்தது. அதனால் மூத்தாரும் அக்காவும் பேசி முடிவெடுக்க வருவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமை, விடியும்போதே எழுந்து, கோல மாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு காலி இடத்துக்குப் போனேன். தரையைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, நிஜ அளவிலேயே வீட்டைப் போட்டேன். சுவருக்குக் கோடு. வாசலுக்கு இடைவெளி. கட்டிலுக்கு ஒரு நீளக் கட்டம், குழந்தையின் பாய்க்கு ஒரு சின்னக் கட்டம். தெருப்பக்கம் அக்காவுக்கென்று ஒரு வெளிவாசல். வீட்டுப் பக்கம் எங்கள் அடுப்படிக் கதவு. திடலிலிருந்து பனி மாதிரி ஏதோ எழும்பி வந்துகொண்டிருந்தது. அந்த அறைக்குள் நான் மட்டும் நடந்தேன். மாவுச் சுவர்கள் என் கணுக்கால் உயரம்கூட இல்லை, ஆனாலும் உள்ளே வந்தால் வெளியே இருக்கிற சத்தம் குறைந்ததாகத் தோன்றியது. சின்னக் கட்டத்தின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு சுவரைத் தாண்டிக்கொண்டு என் கணவர் பல் துலக்க வந்தார். "சுவத்துல முட்டிக்கிட்டீங்க!" என்று கத்தினேன். பாவம், மனுஷன் பயந்து பின்னாலேயே திரும்பி வாசல் வழியாக வந்தார்.

செம்பவாங் பஸ்ஸில் அவர்கள் வந்து இறங்கினார்கள். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் எல்லோரும் குழந்தைகளாகிவிட்டோம். மூத்தார் கட்டத்துக்குள் படுத்துக் கால் நீட்டிப் பார்த்தார். வழியில் போன நிலக்காரர் எட்டிப் பார்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கழற்றியது ஏன் என்று அவருக்கே தெரியவில்லை, சிரித்துக்கொண்டார். என் பையன்கள் சுவர்களை மிதித்து ஓடினார்கள். அவள் மட்டும் ஒரு கோட்டையும் மிதிக்கவில்லை. பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த பெண்ணுக்குள்ள கண்டிப்போடு, "அது சுவர், அது வழியாப் போகக் கூடாது," என்று பையன்களை அதட்டிக்கொண்டிருந்தாள்.

அக்கா விளையாடவில்லை. வெளிவாசல் வழியாக நுழைந்து, மெதுவாக ஒவ்வொரு மூலையாகப் பார்த்துவிட்டு, எங்கள் அடுப்படிக் கதவுக்கு முன்னால் வந்து நின்றார். கீழே பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். அறையைப் போட்டு முடித்த பிறகு கிண்ணத்தில் மாவு மிச்சமிருந்திருக்கிறது. வாசல் என்று எதைக் கண்டாலும் கோலம் போட்டுப் பழகிய கை, எங்கள் அடுப்படிக் கதவின் காலடியில், அக்காவின் அறைக்கு உள்ளேயே, வளைத்து வளைத்து ஒரு தாமரைக் கோலம் போட்டிருந்தது. எப்போது போட்டேன் என்று எனக்கு நினைவே இல்லை. அக்காவுக்கென்று விட்ட வெளிவாசலில் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை.

கோலம் எங்கே இருக்கிறதோ அதுதான் வாசல். இது எந்தப் பெண்ணுக்கும் விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயமில்லை. அவருடைய வீட்டை நான் என் வீட்டு முற்றமாகப் போட்டு வைத்திருந்தேன். அக்கா கோலத்தை மிதித்துவிடாமல் சுற்றிக்கொண்டு அடுப்படிக்குள் வந்து, அரிவாள்மனையை எடுத்துப் போட்டுக் கத்தரிக்காய் நறுக்க உட்கார்ந்தார். நான் அடுப்பை ஊதினேன். ஊத வேண்டிய அவசியமில்லை, அது நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அவள் வந்தாள். அந்தப் பக்கக் கதவு அகலத் திறந்து கிடந்தது. என் பையன்கள் அதன் வழியாக உள்ளே ஓடுவதும் வெளியே ஓடுவதுமாக இருந்தார்கள். அவள் கோலத்துக்கு அப்பால் நின்றாள். எட்டிக் கை நீட்டி, கதவு நிலையில் விரலால் தட்டினாள். "சித்தி, உள்ள வரலாமா?" என்று கேட்டாள்.

பையன்கள் சிரித்தார்கள். "வாம்மா," என்றேன். வந்தாள், அக்காவின் தோளில் சாய்ந்து காதில் ஏதோ சொல்லிவிட்டு, ஒரு வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டாள். பழம் என் கூடையில் இருந்தது. கேட்டது அக்காவிடம்.

அக்கா கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "நேராவே கேக்கறேன். இவளத் திருப்பி வாங்கிக்கலாம்னு நெனைக்கிறியா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நான் எப்பக்கா அப்படிச் சொன்னேன்?"

"சொல்லல. கட்டற."

அக்கா கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் குரல் தாழ்ந்துதான் இருந்தது. "இப்ப தட்டிக் கேக்கறா. கதவு இருந்துச்சுன்னா நாளைக்குத் தட்டாமலே வருவா. பசிச்சா உன்கிட்ட வருவா. கொஞ்ச நாள்ல என்கிட்ட பசின்னே சொல்ல மாட்டா. நீ நல்லவதான். உன்னக் குத்தம் சொல்லல. ஆனா உனக்கு ரெண்டு பசங்க இருக்காங்க. நான் வேற யாருக்கும் சோறு போட்டதில்லடி." முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். "நாங்க சுவா சூ காங்குக்கே போயிடறோம்."

அடுப்படியில் புகை இல்லை, ஆனாலும் எனக்குக் கண் எரிந்தது. கதவு வேண்டும் என்று இன்னும் ஒரு வார்த்தை பேசினால், அன்னாசித் தோட்டத்து மண்பாதையில் அவள் சின்னதாகிக்கொண்டே போய்விடுவாள். பேசாமலிருந்தாலும் போய்விடுவாள். அவள் என் பெண் என்று எனக்குள் ஒன்று கத்தியது. என் பெண்தான். அதனால்தான் அவள் என் கண்ணில் பட்டுக்கொண்டாவது இருக்க வேண்டும்.

"போகாதீங்கக்கா," என்றேன். "மரத்தடியில தனியாவே கட்டிக்குங்க. தனி அடுப்பு வச்சுக்குங்க. கதவு வேணாம். இங்கயே இருங்க, போதும்."

அக்கா அடுப்புப் பக்கம் திரும்பினார். பிறகு, "எண்ணெய் காயுது, கடுகு போடு," என்றார்.

என் கணவருக்கு ஆச்சரியம். "ஒத்தக் கால்ல நின்னியே, என்னாச்சு?" என்று கேட்டார். "குறட்டை," என்றேன். சாயங்காலம் போய்ப் பார்த்தபோது எறும்புகள் என் வீட்டைப் பிரித்துத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. அரிசி மாவுச் சுவர்தானே. தெற்குச் சுவர் அப்படியே நகர்ந்து மரத்துக்கடியில் போய்க்கொண்டிருப்பதைப் பார்க்க அழகாகக்கூட இருந்தது.

சீனத் தச்சர் ஒருவரும் அவர் தம்பியும் வந்து வேலையைத் தொடங்கினார்கள். நாங்கள் தெரிந்த மலாயில் சொல்ல, அவர்கள் தெரிந்த மலாயில் தலையாட்டினார்கள். தண்ணீர் ஏறினாலும் உள்ளே வராதபடி கட்டைக் கால்கள்மேல் தரை. ஒரு கூடம், ஓர் அறை, பின்னால் சின்ன அடுப்படி. அடுப்படி ஜன்னலை எந்தப் பக்கம் வைக்க என்று தச்சர் கேட்டபோது நான் வாயே திறக்கவில்லை. வேண்டுமென்றே மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா தெருப்பக்கம் கை காட்டுவார் என்று நினைத்தேன். அவர் எங்கள் அடுப்படியைக் காட்டினார். "சினி," என்றார் தச்சரிடம், இங்கே என்று. என் பக்கம் திரும்பவில்லை.

பால் காய்ச்சிக் குடிவந்தார்கள். கோலத்தை அக்கா தன் வாசலில் தானே போட்டார். அதற்கப்புறம் நான் வீடு கட்டுவது குறைந்துபோனது. சமைத்துக்கொண்டே நிமிர்ந்தால் அந்த ஜன்னல் தெரியும். அதற்குள் அக்காவின் கை தெரியும், சில சமயம் அவளுடைய ரிப்பன் தெரியும். சாயங்காலங்களில் இரண்டு அடுப்படிப் புகையும் ஜம்பு இலைகளுக்குள் போய் ஒன்றாகக் கலந்துவிடும். அவள் தினம் வருவாள். தினம் நிலையில் தட்டுவாள். நான் தினம் "வாம்மா" என்பேன். பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்லுவாள். சாப்பிடு என்றால், "அம்மா வச்சிருக்காங்க சித்தி," என்பாள்.

மழைக்காலம் வந்தது. ஒரு மத்தியானம் அக்கா தேக்காவுக்குப் போயிருந்தார். மூத்தார் பழைய கூட்டாளிகளைப் பார்க்கச் செம்பவாங் போயிருந்தார். வானம் கொட்டித் தீர்த்தது. சிராங்கூன் சாலையில் தண்ணீர், பஸ் நின்றுவிட்டது என்று யாரோ சொல்லிக்கொண்டு ஓடினார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து நனைந்து வந்தவள் தன் வீட்டில் சட்டை மாற்றிக்கொண்டு, கொஞ்ச நேரம் ஜன்னலில் நின்று சந்தின் பக்கம் பார்த்தாள். பிறகு மழையிலேயே ஓடி வந்தாள். நிலையில் தட்டினாள்.

"சித்தி, வரலாமா? பசிக்குது."

எத்தனையோ நாள் துணி அலசும்போதும் மீன் வாங்கும்போதும் நான் கேட்டுக் கேட்டு வைத்திருந்த சொல். என் அடுப்பில் சோறு சூடாக இருந்தது. அவளுக்குப் பிடித்த முட்டைக் குழம்பும் இருந்தது. தட்டைக்கூட எடுத்துவிட்டேன். எதிர் ஜன்னல் இருட்டாக இருந்தது.

"உங்கம்மா என்ன செஞ்சு வச்சிருக்காங்க?" என்று கேட்டேன்.

"தயிர்ச்சோறு."

தட்டை வைத்துவிட்டுக் குடையை எடுத்தேன். "வா, அங்கயே போய்ச் சாப்பிடலாம்."

அக்காவின் அடுப்படியில், அக்காவின் கிண்ணத்தில், அக்கா பிசைந்து மூடி வைத்திருந்த சோறு. அதை நான் உருட்டி அவள் உள்ளங்கையில் வைத்தேன். அவள் வாங்கி வாங்கிச் சாப்பிட்டாள். தகரத்தின்மேல் மழை இரைந்த இரைச்சலில் பேச வழியில்லை. எனக்கு அது நல்லதாகப் போயிற்று. நான் பெற்ற பிள்ளைக்கு நான் முதல் தடவையாகச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். கனவில் கட்டியது எதுவும் இவ்வளவு அழகாக இல்லை.

படியேறும் சத்தம் கேட்கவில்லை. நிமிர்ந்தபோது அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தார், தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, கூடையைப் பிடித்துக்கொண்டு. திருடி அகப்பட்டவள்போல எழுந்திருக்கப் பார்த்தேன். அவர் கிண்ணத்தைப் பார்த்தார். அது தன் கிண்ணம் என்று பார்த்தார். பிறகு கூடையை இறக்கிவிட்டு, ஈரப் புடவையோடு எனக்கு எதிரே சிரமப்பட்டு உட்கார்ந்து, உள்ளங்கையை நீட்டினார்.

"எனக்கும் ஒரு உருண்டை போடு. காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல."

போட்டேன். அம்மாவுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட்டேன்.

"சித்திக்கு?" என்று கேட்டாள் அவள். தன் கையிலிருந்ததைப் பாதியாகப் பிட்டு, எட்டி என் வாயில் வைத்தாள். நான் அழுதுவிட்டேன். அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. குழந்தை பயந்துபோய் அம்மாவைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லடா," என்றார் அக்கா, என் முதுகில் கையை வைத்தபடி. "உங்க சித்திக்குக் காரம் ஒத்துக்காது. போய்த் தண்ணி கொண்டா."

வெறும் தயிர்ச்சோற்றுக்கு, அவள் தண்ணீர் கொண்டுவர எழுந்து ஓடினாள்.